போருக்குப் போன வகுப்புத் தோழர்களும் நினைவின் கடனும்

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியை ஒன்றாக முடித்தவர்கள் பத்தாம் ஆண்டிலும் இருபத்தைந்தாம் ஆண்டிலும் ஐம்பதாம் ஆண்டிலும் கூடிச் சந்திப்பது நெடுநாள் வழக்கம். 1960களில் படிப்பை முடித்த வகுப்புகள் இப்படிக் கூடும்போது, மண்டபத்தின் ஓரத்தில் பெரும்பாலும் ஒரு மேசை தனியாக இருக்கும். இறந்துபோன தோழர்களின் படங்கள் பள்ளி ஆண்டு மலரிலிருந்து பெரிதாக்கப்பட்டு அதில் வரிசையாக நிற்கும். வியட்நாமில் மாண்டவர்களின் பெயர்கள் முதலில் வாசிக்கப்படும். பிறகு, படையில் பணியாற்றி உயிரோடு இருப்பவர்கள் எழுந்து நிற்குமாறு கேட்டுக்கொள்ளப்படுவார்கள். மற்றவர்கள் கைதட்டுவார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும் இந்தச் சடங்குக்குள் பழைய கேள்விகள் சில இருக்கின்றன. உயிரோடு இருப்பவர் இறந்தவருக்குப் பட்ட கடன் என்ன? அந்தக் கடனைப் பெற்றுக்கொள்ள இறந்தவரால் முடியுமா? போர் தவறானது என்று நம்புகிறவர் அதில் இறந்தவரைப் போற்றலாமா? அரசும் நாடும் செய்யும் மரியாதை இருக்க, ஒரு பள்ளி வகுப்பு தனியே எதைச் செய்ய வேண்டியிருக்கிறது?

இழப்பு எல்லாப் பள்ளிகள் மேலும் ஒரேபோல் விழவில்லை. ஃபிலடெல்ஃபியாவின் வடபகுதியில் இருந்த தாமஸ் எடிசன் உயர்நிலைப் பள்ளியில் படித்த 64 பேர் வியட்நாம் போரில் இறந்தார்கள். நாட்டின் வேறெந்த உயர்நிலைப் பள்ளியும் அத்தனை பேரை இழக்கவில்லை. அதே நகரின் கத்தோலிக்கப் பள்ளியான ஃபாதர் ஜட்ஜ் 27 பேரை இழந்தது. அரிசோனாவின் மொரென்சி ஒரு செப்புச் சுரங்க ஊர். அங்கே படித்த ஒன்பது பேர் ஒன்றாக மரைன் படையில் சேர்ந்து, 1966 ஜூலை 4 அன்று, நாட்டின் சுதந்திர தினத்தில், பயிற்சிக்குப் புறப்பட்டார்கள். அவர்களில் வெள்ளையரும் உண்டு, மெக்சிகோ வழிவந்தவர்களும் உண்டு, நவஹோ பழங்குடியினரும் உண்டு. ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். மூவர் திரும்பி வந்தார்கள். வரலாற்றாசிரியர் கைல் லாங்லி 2013இல் அவர்களைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். சின்ன ஊரின் ஒரு பள்ளிக்கு ஆறு மரணம் என்றால், அங்கே இறந்தவரின் தாயை மளிகைக் கடையில் பார்க்காமல் வாழ முடியாது என்று பொருள்.

யார் போனார்கள், யார் போகவில்லை என்பதிலிருந்துதான் அறக்கேள்வி தொடங்குகிறது. வியட்நாம் காலத்தில் 2.6 கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்க ஆண்கள் படைக்குரிய வயதை எட்டினார்கள். அவர்களில் வியட்நாம் மண்ணை மிதித்தவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. கல்லூரியில் சேர்ந்தவர்களுக்குக் கட்டாய ஆள்சேர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது. கல்லூரிக்கு வழியில்லாதவர்கள் முன்வரிசைக்கு வந்தார்கள். பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மெக்னமாரா 1966இல் படையின் தேர்வு மதிப்பெண் வரம்பைத் தாழ்த்தி ஒரு திட்டம் தொடங்கினார். அதன்வழி 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டார்கள், அவர்களில் மிகப் பலர் ஏழைகள். 1969 டிசம்பர் 1 அன்று குலுக்கல் முறை வந்தது. ஆண்டின் 366 நாட்களும் தனித்தனி நீல உறைகளில் அடைக்கப்பட்டு ஒரு கண்ணாடிச் சாடியிலிருந்து எடுக்கப்பட்டன. முதலில் வந்தது செப்டம்பர் 14. அன்று பிறந்தவர்கள் முதலில் அழைக்கப்படுவார்கள். ஒரே வகுப்பில் அடுத்தடுத்த பெஞ்சில் உட்கார்ந்த இருவரில் ஒருவரின் வாழ்வையும் இன்னொருவரின் சாவையும் பிறந்த தேதி பிரித்துவிட முடிந்தது. உறைகள் சரியாகக் கலக்கப்படாததால் ஆண்டின் இறுதி மாதங்களில் பிறந்தவர்களுக்கு முன்னெண்கள் கூடுதலாக விழுந்தன என்பதைப் புள்ளியியலாளர்கள் பின்னர் காட்டினார்கள். குலுக்கல்கூட முழுக்கக் குலுக்கலாக இல்லை.

இதை முதலில் துணிவோடு எழுதியவர்களில் ஒருவர் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ஃபேலோஸ். ஹார்வர்டு மாணவராக இருந்தபோது உடற்பரிசோதனையில் எடை குறைவு என்று விலக்குப் பெற்றவர் அவர். அதே நாளில் அதே இடத்துக்கு வந்த செல்சி ஊர்த் தொழிலாளர் வீட்டுப் பையன்கள் பெரும்பாலும் தேர்வாகிப் போனதையும், தப்பித்தவர்கள் அதைப் பற்றிப் பேசாமல் இருந்ததையும் 1975இல் அவர் கட்டுரையாக எழுதினார். போர் முடிந்த அதே ஆண்டு அது. அவர் காட்டிய பிளவு ஹார்வர்டுக்கும் செல்சிக்கும் இடையே இருந்தது. ஆனால் பல உயர்நிலைப் பள்ளிகளில் அந்தப் பிளவு ஒரே வகுப்புக்குள்ளேயே ஓடியது.

படைவீரரைப் போற்றுவதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் நன்றி. அவர் நமக்காகப் போனார், ஆகவே நாம் நன்றி உடையவர்கள் என்பது வாதம். நன்றி என்பதற்குத் தத்துவம் பொதுவாக இரண்டு நிபந்தனைகள் வைக்கிறது: செய்தவர் மனம் உவந்து செய்திருக்க வேண்டும், அதனால் பெற்றவருக்கு ஒரு நன்மை விளைந்திருக்க வேண்டும். வியட்நாம் இரண்டிலுமே இடறுகிறது. கட்டாயத்தின் பேரில் போனவர் உவந்து கொடுத்தார் என்று சொல்ல முடியாது. அந்தப் போரால் அமெரிக்கர்களுக்கு என்ன நன்மை வந்தது என்பது இன்றும் வழக்கில் இருக்கும் கேள்வி. நன்மை வந்தது என்று நிறுவாமல் நன்றி சொன்னால், போரை நியாயப்படுத்துவதை மட்டும் அந்த நன்றி ரகசியமாகச் செய்துவிடும்.

ஆனால் நன்றிக்கு அடியில் இன்னொரு உறவு இருக்கிறது. அது ஆள்சேர்ப்பு இயங்கிய முறையிலிருந்தே வருகிறது. நாடெங்கும் சுமார் 4,000 உள்ளூர்க் குழுக்கள் இயங்கின. ஒவ்வொன்றுக்கும் மாதந்தோறும் இத்தனை பேரை அனுப்ப வேண்டும் என்று ஒதுக்கீடு இருந்தது. ஒருவருக்கு விலக்குக் கிடைத்தால் எண்ணிக்கை குறையாது. அந்த இடத்தை இன்னொருவர் நிரப்புவார். ஒரே வட்டாரத்தில் வளர்ந்த வகுப்புத் தோழர்கள் பெரும்பாலும் ஒரே குழுவின் பட்டியலில் இருந்தார்கள். “எனக்குப் பதிலாக அவன் போனான்” என்ற சொல்லை நாட்டின் மேடையில் ஒரு அரசியல்வாதி சொன்னால் அது அலங்காரம். வகுப்பின் கூடலில் சொன்னால் கிட்டத்தட்ட நேர்ப்பொருளில் உண்மை. பதிலாகப் போனவர் விரும்பிப் போனாரா, போர் நல்லதா என்பவற்றுக்கு இதில் இடமே இல்லை. ஒரு சுமை இருந்தது, அது ஒருவர் தோளிலிருந்து நகர்ந்து இன்னொருவர் தோளில் விழுந்தது. வகுப்பின் கடனுக்கு இதுவே உறுதியான அடித்தளம்.

தப்பித்தவர் தவறு செய்தவரா? சட்டப்படி விலக்குப் பெற்றவரைக் குற்றவாளி என்று சொல்ல யாராலும் முடியாது. ஆனாலும் பலரிடம் ஒரு உறுத்தல் ஐம்பதாண்டுகள் தங்கிவிடுகிறது. மெய்யியலாளர்கள் பெர்னார்டு வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் 1976இல் ஒரே விவாத மேடையில் முன்வைத்த ‘அறத்தில் அதிர்ஷ்டம்’ என்ற சிக்கல் இங்கே பொருந்துகிறது. மனிதர் தம் கையில் இல்லாத ஒன்றுக்காக மதிப்பிடப்படக் கூடாது என்று நம்புகிறோம். ஆனால் வாழ்வு முழுவதும் அப்படித்தான் மதிப்பிடுகிறோம், மற்றவர்களை மட்டுமல்ல, நம்மையும். ஜெர்மன் மெய்யியலாளர் கார்ல் யாஸ்பர்ஸ் இதை இன்னும் ஆழமாகத் தொட்டவர். ஜெர்மனியின் குற்றத்தைப் பற்றி 1946இல் வெளியிட்ட நூலில், சட்டக் குற்றம், அரசியல் குற்றம், அறக் குற்றம் என்பவற்றுக்கு அப்பால் நான்காவதாக ஒன்றை அவர் பெயரிட்டார். மற்றவர் கொல்லப்படும்போது நான் உயிரோடு இருக்கிறேன் என்பதிலேயே பிறக்கும் குற்ற உணர்வு அது. எந்த நீதிமன்றமும் அதை விசாரிக்க முடியாது, கடவுள் ஒருவரே அதற்கு நடுவர் என்றார். நாஜி ஆட்சியைப் பற்றிச் சொன்னதை அப்படியே குலுக்கலில் பின்னெண் வந்த ஒரு பையனுக்குப் பொருத்துவது நியாயமில்லை. ஆனால் உறுத்தலுக்கும் குற்றத்துக்கும் இடையே யாஸ்பர்ஸ் போட்ட கோடு உதவுகிறது. உறுத்துவதால் ஒருவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. குற்றவாளி இல்லை என்பதால் உறுத்தல் பொய்யாகிவிடுவதும் இல்லை.

கடன் உண்டு என்று கொண்டால், அதை இறந்தவர் எப்படிப் பெறுவார்? கிரேக்க மெய்யியலாளர் எபிகியூரஸின் பதில் கடுமையானது. சாவு வந்தால் உணர்வு இல்லை, உணர்வு இல்லாதவருக்கு நன்மையும் இல்லை தீமையும் இல்லை. அப்படியானால் மேசையில் வைத்த படங்கள் இருப்பவர்களின் ஆறுதலுக்கு மட்டுமே. அரிஸ்டாட்டில் அவ்வளவு தூரம் போகவில்லை. நண்பர்களின் நிலைமை இறந்தவரைத் தொடவே தொடாது என்று சொல்வது நட்புக்கு ஒவ்வாத கருத்து என்று அவர் தம் அறநூலின் முதல் பகுதியில் கருதுகிறார். தொடும், ஆனால் மெலிதாக, அவர்களின் வாழ்வின் நிறைவை மாற்றிவிடாத அளவுக்கு.

கிறித்தவ உலகில் இந்தக் கேள்வி இரண்டாயிரம் ஆண்டு வரலாற்றை உடையது. கத்தோலிக்கர் இறந்த ஆன்மாக்களுக்காகச் செபிக்கிறார்கள், திருப்பலி ஒப்புக்கொடுக்கிறார்கள், நவம்பர் 2ஐ அதற்கென ஒதுக்குகிறார்கள். அவர்கள் பார்வையில் இருப்பவர் செய்வது இறந்தவருக்கு உண்மையாகவே போய்ச் சேர்கிறது. பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதிகள் இதை மறுத்தார்கள். இறந்தவர் கடவுளின் கையில் இருக்கிறார், அதன்மேல் மனிதர் சேர்க்க எதுவும் இல்லை என்பது அவர்கள் நிலை. இங்கிலாந்துத் திருச்சபையின் 1552ஆம் ஆண்டு வழிபாட்டு நூலிலிருந்து இறந்தோருக்கான மன்றாட்டுகள் நீக்கப்பட்டன. அந்தச் சீர்திருத்த மரபில் வேரூன்றிய நாடு அமெரிக்கா. செபிக்க முடியாத இடத்தில் பெயரை வாசிக்கும் வழக்கம் அங்கே பெரிதாக வளர்ந்ததைத் தற்செயல் என்று தள்ள முடியாது. உள்நாட்டுப் போரில் மாண்டவர்களின் கல்லறைகளுக்குப் பூ வைக்கும் நாளாக 1868 மே 30ஐ ஜெனரல் ஜான் லோகன் அறிவித்தார், அதுவே இன்றைய நினைவு தினத்தின் தொடக்கம். சமூகவியலாளர் ராபர்ட் பெல்லா 1967இல் எழுதிய கட்டுரையில், எந்தத் திருச்சபைக்கும் சொந்தமில்லாத ஒரு குடிமைச் சமயம் அமெரிக்காவில் இருக்கிறது என்றும் இந்த நினைவு தினம் அதன் சடங்குகளில் ஒன்று என்றும் காட்டினார். 1982 நவம்பரில் வியட்நாம் நினைவுச் சுவர் திறக்கப்பட்ட வாரத்தில், வாஷிங்டன் பேராலயத்தில் மாண்டவர் அனைவரின் பெயரும் உரக்க வாசிக்கப்பட்டது. அது முடிய இரவும் பகலுமாக இரண்டு நாட்களுக்கும் மேல் ஆயிற்று.

செபத்துக்கும் வெறும் ஆறுதலுக்கும் நடுவில் மூன்றாவது வழியைக் காட்டியவர் டென்மார்க் மெய்யியலாளர் கீர்க்கேகார். 1847இல் வெளிவந்த ‘அன்பின் செயல்கள்’ நூலில் இறந்தவரை நினைப்பது பற்றி ஒரு முழு அத்தியாயம் எழுதினார். இறந்தவர் திருப்பித் தர மாட்டார், ஆகவே அந்த அன்பில் தன்னலம் இல்லை. அவர் அழுது கேட்க மாட்டார், வற்புறுத்த மாட்டார், ஆகவே அதில் கட்டாயம் இல்லை. அவர் மாறவும் மாட்டார். உறவு தேய்ந்தால் தேய்த்தது உயிரோடு இருப்பவர்தான் என்பது அங்கே மறைக்க முடியாமல் தெரியும். அந்தக் கடைசிக் கருத்து வகுப்புத் தோழர்களுக்கு மிக அருகில் வருகிறது. 1966இல் படித்து முடித்தவர்கள் 2016இல் கூடியபோது அறுபத்தெட்டு வயதை ஒட்டியிருந்தார்கள். படத்தில் இருப்பவருக்கு அன்றும் பதினெட்டு. மெய்யியலாளர் தியோடர் அடார்னோ பின்னர் கீர்க்கேகாரை இங்கேதான் கண்டித்தார்: எதிர்ப்பேச்சு பேசாதவரை நேசிப்பது எளிது, அந்த அன்பு உயிருள்ள மனிதரின் நிலைமையைக் கண்டுகொள்ளாமலே இருந்துவிடலாம் என்றார். மெழுகுவத்தி ஏற்றிய வகுப்பு, போரிலிருந்து திரும்பிய தோழர் நாற்பது ஆண்டு தனியே குடித்து அழிந்ததைக் கவனிக்காமல் இருந்திருந்தால், அடார்னோவுக்கு அதனிடம் பதில் இல்லை.

எல்லோரையும் எல்லோரும் நினைக்க முடியாது என்பதால், யார் யாரை நினைக்கக் கடமைப்பட்டவர் என்ற கேள்வியும் எழுகிறது. இஸ்ரேலிய மெய்யியலாளர் அவிஷாய் மார்கலித் 2002இல் வெளியிட்ட ‘நினைவின் அறம்’ நூலை ஒரு படை அதிகாரியின் கதையோடு தொடங்குகிறார். தம் தலைமையில் இறந்த ஒரு வீரரின் பெயர் அந்த அதிகாரிக்கு நினைவில்லை, அது தெரிந்ததும் மக்களிடம் சீற்றம் எழுந்தது. மனித இனம் என்ற ஒன்றே பொதுவாக உள்ளவர்களிடம் நமக்கு இருப்பது மெல்லிய உறவு, குடும்பம், நட்பு, ஊர், பகிர்ந்த கடந்தகாலம் என்பவற்றால் வருவது அடர்ந்த உறவு என்று அவர் பிரிக்கிறார். நினைப்பது அடர்ந்த உறவுக்குரிய கடமை. பள்ளி வகுப்பு இந்தப் பிரிவினையில் வினோதமான இடத்தில் நிற்கிறது. யாரும் தம் வகுப்புத் தோழர்களைத் தேர்ந்தெடுப்பதில்லை. அவர்களில் பாதிப் பேரோடு நட்பும் இருந்திருக்காது. ஆனாலும் ஒருவர் இன்னும் எதுவும் ஆகாமல் இருந்த காலத்தை அருகிலிருந்து பார்த்தவர்கள் பெற்றோருக்கு அடுத்து அவர்கள்தான், பெற்றோர் காணாத பக்கத்தையும் கண்டவர்கள். பெற்றோர் மறைந்த பிறகு அந்தச் சாட்சியம் வகுப்பிடம் மட்டுமே மிஞ்சுகிறது. ஐம்பதாம் ஆண்டில் திடீரென்று தோழர்கள் ஒருவரையொருவர் தேடுவதற்கு முதுமையின் ஏக்கம் மட்டும் காரணமில்லை. சாட்சிகள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

அரிஸ்டாட்டில் நட்பைப் பற்றிய பகுதியில் சிறுவயது நண்பர்களையே எடுத்துக்கொண்டு கேட்கிறார்: ஒருவர் முதிர்ந்து வளர்ந்துவிட்டார், இன்னொருவர் குழந்தை மனதிலேயே நின்றுவிட்டார், இவர்கள் எப்படி நண்பர்களாக இருப்பது? நட்பு தொடர முடியாது என்கிறார். ஆனால் முன்பு அந்நியராக இருந்தவர் போலவும் நடத்தக் கூடாது, பழைய நெருக்கத்தின் நினைவைக் காக்க வேண்டும், அந்த நெருக்கத்தின் பொருட்டே ஏதோ ஒன்றைத் தர வேண்டும் என்று முடிக்கிறார். போரில் இறந்த தோழர் வளராமல் நின்றவர்தான். வேறொரு சூழலை நினைத்து எழுதிய வரையறை இங்கே தன் முழு அர்த்தத்தையும் அடைகிறது.

நாடு நினைப்பதற்கும் வகுப்பு நினைப்பதற்கும் உள்ள வேறுபாடு நினைவுச் சுவரில் தெரியும். இருபத்தொரு வயதில் யேல் மாணவியாக இருந்த மாயா லின், 1,421 வடிவங்கள் வந்த போட்டியில் வென்று வரைந்தது அது. பெங்களூரிலிருந்து சென்ற கருங்கல்லில், 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள் பதவி குறிப்பிடாமல் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வரிசை அகரவரிசை அல்ல, இறந்த நாளின் வரிசை. ஒரே சண்டையில் விழுந்தவர்கள் அருகருகே இருப்பார்கள். ஒரே வகுப்பில் படித்தவர்கள் சுவரின் வெவ்வேறு பலகைகளில் சிதறிக் கிடப்பார்கள். மொரென்சியின் ஆறு பெயர்களைப் பார்க்க வந்தவர் நடந்து நடந்துதான் தேட வேண்டும். அந்த வரிசை அழகானது, நியாயமானதும்கூட. அது மனிதரை அவர் இறந்த நாளால் அடையாளம் காண்கிறது. வகுப்போ அவரைக் கணக்குப் பாடத்தில் தடுமாறியவராக, பேஸ்பாலில் பந்தைத் தவறவிட்டவராக, ஒரு பெண்ணிடம் பேசத் தயங்கியவராக அறியும். வகுப்பு போற்றுவது அவரது வீரத்தை அல்ல. படைவீரர் ஆவதற்கு முன்பு இருந்த அந்தப் பையனை. ஆகவே போர் நியாயமானதா என்ற தீர்ப்புக்காக அந்த மரியாதை காத்திருக்க வேண்டியதில்லை. போரை வெறுத்தவரும் ஆதரித்தவரும் அந்த மேசைக்கு முன் ஒன்றாக நிற்க முடிவது இதனால்தான்.

உயிரோடு திரும்பியவருக்குச் செய்யும் மரியாதை வேறு வகையானது, அது கடினமும்கூட. இறந்தவர் மாறவில்லை, இவர் மாறிவிட்டார். பாஸ்டனில் முன்னாள் படைவீரர்களுக்குச் சிகிச்சை அளித்த மனநல மருத்துவர் ஜோனதன் ஷே, 1994இல் வெளியிட்ட நூலில் அவர்களின் அனுபவத்தை ஹோமரின் காவிய வீரன் அகிலீஸோடு வைத்துப் பார்த்தார். சரி எது என்பதைத் தலைமையே மீறியபோது வீரர்களின் உள்ளத்தில் ஏற்பட்ட காயத்தை அவர் அறக்காயம் என்றார். அந்தக் காயத்துக்குக் கைதட்டல் மருந்தாகாது, சில சமயம் எரிச்சலூட்டவும் செய்யும். எதற்காகத் தம்மைப் பாராட்டுகிறார்கள் என்பது எழுந்து நிற்பவருக்குத் தெரியும், பாராட்டுபவருக்குத் தெரியாது. நடந்ததைச் சொல்லவும், அதைத் திருத்தாமல் தீர்ப்புச் சொல்லாமல் கேட்டு நினைவில் வைத்துக்கொள்ளவும் நம்பிக்கைக்குரிய மனிதர்கள் சேர்ந்தால்தான் குணம் தொடங்கும் என்பது ஷேயின் முடிவு. போருக்கு முன்பே அறிந்தவர்கள் என்பதால் பழைய வகுப்புத் தோழர்களுக்கு அந்த இடத்தில் நிற்க ஒரு தகுதி உண்டு. ஆனால் அது மண்டபத்தின் ஒலிபெருக்கிக்கு முன் நடப்பதில்லை. சாப்பாட்டு மேசையின் ஓரத்திலோ வாகனம் நிறுத்துமிடத்திலோ நடக்கிறது, பலருக்கு நடப்பதே இல்லை.

போக மறுத்தவர்களும் அதே வகுப்பில் இருந்தார்கள். குவேக்கர், மெனனைட் குடும்பத்துப் பிள்ளைகள் தம் சபையின் போதனைப்படி ஆயுதம் ஏந்த மறுத்தார்கள். கடவுள் நம்பிக்கையைச் சாராமல் ஆழ்ந்த அறநம்பிக்கையால் மறுப்பவருக்கும் விலக்கு உண்டு என்று 1970இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கனடாவுக்குப் போனவர்கள் 1977 ஜனவரி 21 அன்று அதிபர் கார்ட்டர் மன்னிப்பு அளித்த பிறகே அச்சமின்றி ஊர் திரும்ப முடிந்தது. மனச்சான்றின்படி நடந்து சிறைக்கோ நாடுகடந்தோ போனவருக்கும் ஒரு விலை இருந்தது. படைக்குப் போனவரை எழுந்து நிற்கச் சொல்லும் வகுப்பு இவரை உட்கார்த்தி வைத்தால், அது தன் சொந்த வரலாற்றின் பாதியை மட்டும் சொல்கிறது.

எதிர்த்தரப்பின் இறந்தவர்களைப் பற்றி அமெரிக்கச் சடங்குகள் பெரும்பாலும் பேசுவதில்லை. வியட்நாமில் நடப்பது வேறு. மானிடவியலாளர் ஹொனிக் குவான் 2008இல் வெளியிட்ட ஆய்வில் மத்திய வியட்நாமின் கிராமங்களை விவரிக்கிறார். வீட்டுக்குள் முன்னோர் பீடத்தை வணங்கிய குடும்பத்தார், பிறகு தெருப்பக்கம் திரும்பி, அடக்கமின்றி அலையும் ஆவிகளுக்கும் ஊதுபத்தி காட்டி வணங்குகிறார்கள். அந்தத் தெருப்பக்க ஆவிகளில் எந்தப் படையைச் சேர்ந்தவர், எந்த நாட்டவர் என்ற பேதம் இல்லை, அமெரிக்க வீரர்களும் அடக்கம். உறவினருக்கு உள்ளே ஓர் இடம், அந்நியருக்கு வெளியே ஓர் இடம், இரண்டுக்கும் வணக்கம். மார்கலித் பிரித்த அடர்ந்த உறவையும் மெல்லிய உறவையும் அந்த வீடுகள் ஒரே சடங்கில் சேர்த்துவிடுகின்றன.

கடைசியாக, எந்தப் பெயர்களை வாசிப்பது என்ற நடைமுறைக் கேள்வி. நினைவுச் சுவரில் இடம்பெற, போர்ப் பகுதியில் அல்லது அங்கே பட்ட காயத்தால் இறந்திருக்க வேண்டும் என்பது விதி. போரில் தெளிக்கப்பட்ட களைக்கொல்லியின் நச்சால் பல ஆண்டு கழித்துப் புற்றுநோயில் இறந்தவர்களும், திரும்பிவந்து தற்கொலை செய்துகொண்டவர்களும் அதில் இல்லை. அவர்களுக்காக 2004இல் சுவரின் அருகே பெயர்கள் இல்லாத ஒரு பலகை பதிக்கப்பட்டது. அரசு ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் பட்டியல் முடியாது. வகுப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதன் பட்டியல் ஆண்டு மலரிலேயே முடிந்துவிட்டது, ஒவ்வொருவருக்கும் என்ன ஆயிற்று என்பதை அறிந்தவர்களும் அங்கேயே இருக்கிறார்கள். வியட்நாமில் மாண்டவரின் பெயருக்குப் பிறகு, முப்பது ஆண்டு கழித்துத் தன் வீட்டுக் கொட்டகையில் இறந்தவரின் பெயரையும் அதே குரலில் வாசிக்க வகுப்பால் முடியும், வாசிக்கவும் வேண்டும்.